மேரிக்கு மேல் ஒரு மந்திரி: எடின்பரோவில் ஐந்து நாள்

2017 அக்டோபர் 27, வெள்ளி

நியூகாசிலில் ரயில் ஏறும்போது குடை இரண்டு. எடின்பரோ வேவர்லி ஸ்டேஷனிலிருந்து பிரின்சஸ் தெருவுக்கு ஏறும் படிக்கட்டில் அடித்த காற்றில் ஒன்று கம்பி பிய்ந்து, தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்துவிட்டது. பின்னால் ஏறி வந்த பெரியவர் ஒருவர் நின்று, குடையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, படிக்கட்டு முடியும் இடத்தில் இருந்த குப்பைத் தொட்டியைக் கண்ணால் காட்டினார். அதில் ஏற்கெனவே மூன்று குடைகள் தலைகீழாகக் கிடந்தன. "மழைக்கு வாங்கினது காத்துக்கே தாங்கலயேடி" என்றாள் அக்கா.

அக்கா தன் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் வந்து சேர்ந்தேன். திருச்சியில் முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திவிட்டு ரிட்டயர் ஆனவள். ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாயப்பொடிகளைப் பற்றித் தெரிந்ததுதான். இங்கே போர்ட்ரெய்ட் கேலரியில் நாளைக்கு ஒரு கண்காட்சி தொடங்குகிறது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்து உருவப்படங்களை எக்ஸ்ரே எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, அந்த ஆராய்ச்சியையும் படங்களோடு சேர்த்து மாட்டுகிறார்களாம். அக்கா மகள் நெட்டில் பார்த்துச் சொன்னதும் நான் கிளம்பிவிட்டேன். அக்கா கோட்டை பார்க்கத்தான் வந்தாள்.

சாயந்திரம் பசி. அக்கா கவுச்சி விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததில் முக்கால்வாசி மாமிசம் அடைத்தது. மக்ரோனி பை என்று ஒன்று இருந்தது: கெட்டி மாவில் கிண்ணம் மாதிரி செய்து, உள்ளே பாலாடைக்கட்டியில் குழைந்த மக்ரோனியை ரொப்பிச் சுட்டது. மாவுக்குள்ளே மாவு. இரண்டு பை 3 பவுண்டு 40 பென்ஸ். நம் கணக்கில் முந்நூறு ரூபாயை நெருங்குகிறது. இந்தக் கணக்கை இன்னும் ஐந்து நாள் போடக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மீதிச் சில்லறையில் ஒரு புது பிளாஸ்டிக் பத்துப் பவுண்டு நோட்டு வந்தது. அதில் மேரி சாமர்வில் படம். இந்த மாதம்தான் வெளியிட்டார்களாம். நோட்டில் ஒரு விஞ்ஞானி, அதுவும் பெண். அதைச் செலவழிக்கப் போவதில்லை.

கடைக்காரப் பெண் பையை நீட்டும்போது அக்காவைப் பார்த்து "தேர் யூ கோ, ஹென்" என்றாள். வெளியே வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "என்னை ஏன்டி கோழிங்கிறா?"

விடுதி வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பக்கம் பெண்களைப் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நம் ஊரில் "கண்ணு" என்பதில்லையா, அது மாதிரி. அக்காவுக்கு முழுத் திருப்தியில்லை.

அக்டோபர் 28, சனி

காலைச் செய்தியிலேயே எங்கள் கண்காட்சி வந்துவிட்டது. ஒரு மந்திரியின் படத்துக்கு அடியில் ஸ்காட்லாந்து ராணி மேரி. பொங்கிய முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே வீட்டுக்கார அம்மா "சீக்கிரம் போங்க, கூட்டம் வரும்" என்றார்.

குயின் தெருவில் அந்தக் கட்டடம் தனியாகத் தெரிகிறது. சுற்றிலும் புகை படிந்த சாம்பல் கல். இது மட்டும் செக்கச்செவேல். உருவப்படங்களுக்கென்றே கட்டிய காட்சிக்கூடம் உலகத்தில் இதுதான் முதல் என்கிறார்கள். பத்திரிகை முதலாளி ஒருவர் கொடுத்த பணத்தில் எழும்பி 1889-இல் திறந்தது. உள்ளே நுழைந்தால் மாடம் வைத்த பெரிய மண்டபம். மேலே நாலு பக்கமும் தங்கப் பின்னணியில் இந்த நாட்டு வரலாற்று மனிதர்கள் வரிசையாக நடக்கிறார்கள். கூரையில் நட்சத்திர மண்டலங்கள். அக்கா கழுத்தை நிமிர்த்தி ஐந்து நிமிஷம் நின்றாள். "இதுக்கு டிக்கெட் கிடையாதா?" கிடையாது. அதற்கப்புறம் அவளுக்கு இந்த ஊர் மேல் மரியாதை வந்துவிட்டது.

கூட்டம் எந்தப் படத்தின் முன் நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சர் ஜான் மெய்ட்லண்ட், ஸ்காட்லாந்தின் சான்சலர். 1589-இல் மரப்பலகையில் வரைந்தது. வரைந்தவர் ஏட்ரியன் வான்சன் என்று கருதுகிறார்கள். லண்டன் பக்கத்தில் ஹாம் ஹவுஸ் மாளிகையில் கிடந்த படம். அதிகாரி முகம். தாசில்தார் ஆபீஸில் மனு கொடுக்கப் போனால் நிமிர்ந்து பார்க்காத முகம். இதைத் தனியாகப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் நகர்ந்திருப்பேன்.

பக்கத்தில் அதன் எக்ஸ்ரே. முதலில் ஒன்றும் புரியவில்லை. மேகம் மாதிரி வெளுப்பும் கறுப்பும். ஆராய்ச்சி செய்த கேரலைன் ரே கோடு இழுத்துக் காட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். ஒரு பெண். முகத்தின் வளைவு, சதுரக் கழுத்து வைத்த உடை, சக்கரம் மாதிரி விறைத்த கழுத்து மடிப்பு. ஒரு தடவை கண்ணில் பட்டபிறகு அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

என் பக்கத்தில் நின்ற இளைஞன் தன் தோழியிடம், எக்ஸ்ரே எப்படிப் பெயின்ட்டுக்குள் போகிறது என்று தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. மரப்பலகை, எண்ணெய் இதெல்லாம் கார்பன்; அணு எண் 6. எக்ஸ்ரே அதில் சல்லடையில் தண்ணீர் போவது மாதிரி போய்விடும். ஈயத்தின் அணு எண் 82. அது தடுத்து நிறுத்திவிடும். அந்தக் காலத்து வெள்ளைச் சாயம் ஈயக் கார்பனேட். ஈயத் தகட்டைச் சுருட்டிக் காடி ஊற்றிய பானையில் வைத்து, சுற்றிலும் சாணத்தை அடுக்கி மூடிவிடுவார்கள். சாணம் நொதித்துச் சூடு தரும், கரியமில வாயுவும் தரும். சில வாரத்தில் தகட்டின் மேல் வெள்ளை பூத்துவிடும். முகம், கழுத்து, துணி மடிப்பு, எங்கெல்லாம் வெளிச்சம் விழ வேண்டுமோ அங்கெல்லாம் இந்த வெள்ளைதான். அதனால் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அடியில் இருக்கும் முகம் எக்ஸ்ரேயில் எழுந்து வந்துவிடும். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?" என்றான். வாழ்நாள் பாராட்டு.

கதை இதுதான். மேரி 1568-இல் இங்கிலாந்துக்கு ஓடிப்போனாள். அடைக்கலம் கேட்டுப் போனவளைச் சிறையில் வைத்தார்கள். 1587 பிப்ரவரியில் தலையை வெட்டினார்கள். இந்தப் பலகையில் அவள் உருவத்தை ஆரம்பித்த ஓவியர் முடிக்காமல் நிறுத்தியிருக்கிறார். அவள் செத்து இரண்டே வருஷத்தில் அதே பலகையில் மெய்ட்லண்ட் ஏறிவிட்டார். தலை போன ராணியின் படத்தை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று மூடியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். வேறு மேரி படங்களோடு ஒத்துப் பார்த்துத்தான் இது அவள் என்கிறார்கள். பலகை விலை அதிகம், வீணாக்க மனமில்லாமல் திரும்ப உபயோகித்தார்கள் என்றும் எனக்குத் தோன்றியது. பழைய புடவையில் தலையணை உறை தைக்காத வீடு உண்டா?

அக்காவுக்கு இதைச் சொன்னபோது உறவுமுறையைத்தான் முதலில் பிடித்தாள். "அப்ப ராஜா யாரு?" ஆறாம் ஜேம்ஸ், மேரியின் மகன். "இந்த ஆளு?" மகனுடைய மந்திரி. "பெத்தவ மேல மகனோட மந்திரி உக்காந்திருக்கானா!" என்று சொல்லிவிட்டு, மெய்ட்லண்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வான்சன் நெதர்லாந்தின் பிரேடா ஊர்க்காரர். ஜேம்ஸின் அரசவை ஓவியராக இருந்தவர். 1585-இல் எடின்பரோ நகர உரிமையைக் கட்டணம் வாங்காமலே கொடுத்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை: இங்குள்ள பையன்களைச் சேர்த்துத் தொழில் கற்றுத்தர வேண்டும். 1620-களில் இங்கே வரைந்த ஆடம் டி கலோன் அவர் மகன்தான். அம்மா வழிப் பெயரை வைத்துக்கொண்டதால் அப்பாவும் பிள்ளையும் என்று பெயரைப் பார்த்துத் தெரியாது. இருவர் படங்களையும் அடுத்தடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

மற்ற அறைகளில் இந்த ஊர்க்காரர்கள். அபர்டீனில் பிறந்த ஜார்ஜ் ஜேம்சன் தன்னையே வரைந்த படம்: கறுப்புத் தொப்பி, பின்னால் சுவரில் அவர் வரைந்த குட்டிக் குட்டிப் படங்கள், கை அதைக் காட்டுகிறது. கடை வாசலில் நின்று சரக்கைக் காட்டும் முதலாளிதான். 1630-களில் கிளெனார்க்கி காம்பெல் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் விலைப்பட்டியலே இருக்கிறது. துணியும் சாயமும் தன்னுடையது என்றால் ஒரு படம் 20 மெர்க். தங்கப்பூச்சுச் சட்டமும் சேர்த்தால் 20 ஸ்காட்டிஷ் பவுண்டு. ஒரு மெர்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சட்டத்துக்கே போகிறது. அன்றைக்குப் பன்னிரண்டு ஸ்காட்டிஷ் பவுண்டு சேர்ந்தால்தான் ஒரு இங்கிலாந்து பவுண்டு. ஆக, சட்டம் இல்லாத ஒரு ஜேம்சன் படம் ஒரு இங்கிலாந்து பவுண்டும் கொஞ்சம் சில்லறையும். நேற்றைய மக்ரோனி பை நினைவுக்கு வந்தது.

ஜேம்சனிடம் 1636-இல் சேர்ந்த பையன்களில் ஒருவன் ஜான் மைக்கேல் ரைட். அவன் வளர்ந்து வரைந்த முங்கோ மர்ரே படம் ஆளுயரம். பதினைந்து பதினாறு வயசுப் பையன், இடுப்பில் சுற்றி தோளில் போட்ட கட்டம்போட்ட பிளெய்ட், நீளத் துப்பாக்கி, கத்தி, பிஸ்டல், எல்லாம் மாட்டிக்கொண்டு உலகம் தன்னுடையது என்று நிற்கிறான். பெரிய இடத்துப் பிள்ளை. 1700-இல் பனாமாப் பக்கம் டேரியனில் ஸ்காட்லாந்து குடியேற்றம் அமைக்கப் போன கூட்டத்தோடு போய் அங்கேயே செத்துப்போனான்.

அக்கா இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்தாள். முழங்கால். ஃபிளாஸ்க்கைத் திறக்கப் போனவளிடம் காவலர் ஒருவர் வந்து, குனிந்து, ரகசியம் சொல்வது மாதிரி, காப்பி கீழே கேன்டீனில்தான் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் வரை கூடவே வந்தார். போகும் வழியில்தான் அவள் நின்றாள்.

ஒரு கிழவி. பிரபு இல்லை, சீமாட்டி இல்லை. மூப்பு ஏறிய முகம், பார்க்கிறவரை எடைபோடும் கண், கையில் மூக்குப்பொடிக் கொம்பு. "நம்ம அப்பாயிடி" என்றாள் அக்கா. எங்கள் அப்பாயி பொடிமட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு இதே பார்வைதான் பார்ப்பாள். யாரென்று வாசித்தேன். கிராண்ட் கோட்டையில் கோழி பார்த்துக்கொண்டவள். பெயர் நிக் கியாரன். வரைந்தவர் ரிச்சர்ட் வெய்ட், பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கிராண்ட் குடும்பத்துக்காக உறவுக்காரர்களையும் வேலையாட்களையும் வரிசையாக வரைந்தவர். ஆங்கிலத்தில் அவள் வேலையின் பெயர் "ஹென்வைஃப்".

"ஹென்னா?" என்றாள் அக்கா. பிறகு பத்து நிமிஷம் அங்கிருந்து நகரவில்லை. ராஜா, ராணி, மந்திரி எல்லோருக்கும் சேர்த்து அவள் கொடுத்த நேரம் அவ்வளவு இருக்காது.

கேன்டீனில் சனிக்கிழமைக் கூட்டம். ஒரு வயதான தம்பதி கையைத் தூக்கி எங்களைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். சீஸ் ஸ்கோன் சூடாக நன்றாக இருந்தது. காப்பி, பாவம்.

அக்டோபர் 29, ஞாயிறு

காலையில் குளித்து, புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு என்று எல்லாம் போட்டு, எட்டு மணிக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனால் விளக்கே போடவில்லை. பத்து நிமிஷம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்கா, "நேத்து முட்டை வேண்டான்னது கோவமோ?" என்று ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கார அம்மா நைட் கவுனோடு வந்து எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை இரண்டு மணிக்கு இந்த நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறது. என் எச்.எம்.டி. வாட்சுக்கு அது எப்படித் தெரியும்? மணி ஏழுதான். அவர் முகம் சுளிக்கவில்லை. அப்படியே டீ போட்டுக் கொடுத்து, தானும் ஒரு கோப்பையோடு உட்கார்ந்து, தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். தலையாட்டியதில் ஒரு பிழையும் இல்லை.

இன்று லான் மார்க்கெட்டில் கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட். லேண்ட் என்றால் நிலம் இல்லை, மாடி மேல் மாடியாகக் கட்டின வீடு. தாமஸ் கிளாட்ஸ்டோன் என்ற வியாபாரி 1617-இல் வாங்கி, விரித்துக் கட்டி, மாடி மாடியாக வாடகைக்கு விட்டிருக்கிறான். டிக்கெட் கையைக் கடித்தது. ஆனால் முதல் மாடி அறையில் தலையைத் தூக்கியதும் அந்தக் கணக்கு மறந்துவிட்டது. உத்திரத்திலும், உத்திரங்களுக்கு நடுவே இருக்கும் பலகையிலும் பூவும் பழமும் கொடியுமாக வண்ணம். 1620-இல் வரைந்தது. யார் வரைந்தார் என்று பெயர் கிடையாது.

1934-இல் இந்த வீட்டை இடிக்கப் போனார்கள். ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் வாங்கிக் காப்பாற்றிப் பழுது பார்த்தபோது, பிற்காலத்துப் பூச்சுக்கு அடியில் இந்த வண்ணங்கள் இருப்பது தெரியவந்தது. பாஷன் மாறி, யாரோ ஒரு குடித்தனக்காரர் இந்தக் கோலத்தையெல்லாம் பட்டிக்காடு என்று நினைத்து, பட்டை அடித்துச் சாந்து பூசி வெள்ளையாக்கிவிட்டார். நல்லவேளை பூசினார். ஏனென்றால் இது எண்ணெய்ச் சாயம் இல்லை. சுண்ணக்கட்டி மாவும் சாயப்பொடியும் பிராணிப் பசையில் குழைத்தது. நம் தச்சர்கள் காய்ச்சுவார்களே, வச்சிரம், அதேதான். ஈரத்துணி பட்டால் கையோடு வந்துவிடும். இதன் பெயர் டிஸ்டெம்பர். நம் ஊரில் பொங்கலுக்குச் சுவரில் அடிக்கிறோமே, அந்த டிஸ்டெம்பர் என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான். மூடாமல் விட்டிருந்தால் நிலக்கரிப் புகைக்கும், சுத்தக்காரப் பெண்களின் துடைப்பத்துக்கும் நூறு வருஷம் தாங்கியிருக்காது.

இந்த வகைக் கூரைகளில் காவி, சாதிலிங்கம், அவுரி, அரிதாரம், விளக்குக்கரி இருக்கும் என்று அங்கே இருந்த தன்னார்வலர் பெண்மணியிடம் சொல்ல ஆசை. ஆர்சனிக் சல்ஃபைடுக்கு அரிதாரம் என்று பேர், கூத்துக்காரர்கள் முகத்தில் பூசுவதற்கும் அதே பேர் என்பதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் என் மூச்சு வாங்கியது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பட்டை அடித்த ஆணித் துளைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு மாதுளை மாதிரி பழத்தின் நடுவில் சரியாக ஒரு துளை. அக்கா அதைத்தான் கண்டுபிடித்தாள்.

மத்தியானம் அக்கா ஹாகிஸ் சாப்பிட்டாள், ஆட்டு ஈரல், இதயமெல்லாம் போட்டுச் செய்யும் இந்த ஊர்ப் பண்டம்! பயப்பட வேண்டாம், சைவ ஹாகிஸ். ஓட்ஸ், பருப்பு, காரட், நிறைய மிளகு. கூடவே மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சளாக மசித்த டர்னிப்பும். "மிளகு போட்டிருக்கான்டி" என்று அவள் சொன்னதில் இரண்டு மாத ஏக்கம் இருந்தது.

அக்டோபர் 30, திங்கள்

இன்று என்னால் கெட்டது.

கூரஸ் என்று ஒரு கடலோரக் கிராமம். அங்கே ஜார்ஜ் புரூஸ் என்ற வியாபாரி கட்டின வீட்டில் சித்திரக் கூரைகள் இருக்கின்றன. ரயிலில் டன்ஃபர்ம்லின் போய், அங்கிருந்து பஸ். ரயில் சிவப்பு ஃபோர்த் பாலத்தின் மேல் போகும்போது ஜன்னலில் மேற்கே பார்த்தால், இரண்டு மாதம் முன்பு திறந்த புதுப் பாலம் வெள்ளைக் கம்பிகளோடு வெயிலில் நின்றது. அதுவரைக்கும் நல்ல நாள்.

ஊர்ப் பெயரை எழுத்தில் பார்த்தால் நடுவில் ஒரு "ல்" இருக்கிறது. நான் கல்ராஸ், கல்ராஸ் என்று பஸ் நிலையத்தில் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் தலையைச் சொறிந்தார்கள். நாலாமவர் தனக்குக் கேட்ட ஏதோ ஒரு ஊருக்கான பஸ்ஸைத் தீர்மானமாகக் காட்டினார். ஏறி நாற்பது நிமிஷம் கழித்துத்தான் கடல் வர வேண்டிய இடத்தில் வயல் வருவதைப் பார்த்தேன். டிரைவரிடம் பெயரை எழுதிக் காட்டியதும், "ஓ, கூரஸ்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். திரும்பி வருவதற்கு அவர் டிக்கெட் காசு வாங்கவில்லை.

நாங்கள் கூரஸில் இறங்கியபோது மணி நாலே கால். வீட்டின் கேட்டை ஒரு பெண் பூட்டிக்கொண்டிருந்தாள். நேற்றுத் தள்ளிவைத்த கடிகாரம் இன்று பழி வாங்கிவிட்டது; நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கியாயிற்று. எங்கள் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் பைக்குள் தேடி ஒரு மடிப்புக் கையேட்டைக் கொடுத்தாள். "உள்ளே இருப்பதில் பாதி இதில் இருக்கு, ஹென்" என்றாள். இந்தத் தடவை ஹென் நான்.

அதனால் கூரைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கையேட்டிலும் முன்னமே படித்ததிலும் உள்ளதுதான். 1586-இல் வந்த, படத்தால் நீதி சொல்லும் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பலகைகளில் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் இரண்டடி நீதிச் செய்யுள். கடற்கன்னிகளுக்கு மயங்காத யுலிசீஸ் படத்துக்குக் கீழே, சுகத்துக்கு இணங்கியவன் தன்னையே அழித்துக்கொள்வான் என்கிற மாதிரி ஒன்று. படுத்தால் தலைக்கு மேல் புத்திமதி. தூக்கம் வந்திருக்குமா?

வீட்டுச் சுவர் மாலை வெளிச்சத்தில் அரைத்த மஞ்சள் நிறத்தில் இருந்தது. சந்துகளில் உருண்டைக் கல் பதித்திருக்கிறார்கள். அக்காவின் முழங்காலுக்கு ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. புரூஸுக்குப் பணம் வந்தது நிலக்கரியில். கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, கடல் நடுவில் கல்வட்டம் எழுப்பி அதற்குள் ஒரு வாய் வைத்திருந்தான்; கப்பல் அங்கேயே வந்து கரியை ஏற்றும். 1617-இல் ஜேம்ஸ் ராஜா இங்கே வந்து, கரையில் சுரங்கத்துக்குள் இறங்கி மறுமுனையில் ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். "துரோகம்!" என்று கத்தினாராம். அம்மாவின் தலை போன செய்தியைக் கேட்டவர் வேறெப்படிக் கத்துவார்? 1625-இல் ராஜாவும் போனார், அதே வருஷத்துப் புயலில் சுரங்கமும் போனது.

கரி, உப்பு இரண்டும் போக இந்த ஊருக்கு இன்னொரு சரக்கு: ரொட்டி சுடும் இரும்புக் கல். "கிர்டில்" என்கிறார்கள். அதைச் செய்யும் உரிமையை ராஜா இந்த ஊருக்கு மட்டும் கொடுத்திருந்தார். அக்கா கையேட்டில் அதைப் பார்த்து, "தோசைக்கல்லுக்கு லைசன்ஸா!" என்றாள்.

பஸ்ஸுக்கு ஐம்பது நிமிஷம். நிழற்குடையில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தோம். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வந்து, மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஆனால் மூக்கை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தான். அக்கா மூடியில் ஒரு பிடி வைத்து நீட்டினாள். இரண்டு வாய் சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாயையும் சாப்பிட்டான். காரம் தாங்காமல் காது சிவந்துவிட்டது, மூடியை மட்டும் காலி பண்ணித்தான் கொடுத்தான். யாரோ நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

அக்டோபர் 31, செவ்வாய்

இன்று கோட்டைக்குப் போவதாகத் திட்டம். காலையில் அக்காவே மாற்றிவிட்டாள். அந்தக் கோழிக்காரி வீட்டில் வேறு யாரையாவது வரைந்திருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்: கிராண்ட் பிரபுவின் பைப்பர், அதாவது பேக்பைப் வாசிப்பவர். சேம்பர்ஸ் தெரு அருங்காட்சியகத்தில். அதுவும் இலவசம்.

1714-இல் அதே வெய்ட் வரைந்தது. ஆள் நிமிர்ந்து நிற்கிறார், பைப்பில் பிரபுவின் சின்னம் பொறித்த கொடி, பின்னால் கோட்டை. அலங்காரம் பலமாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வெய்ட் பெரிய ஓவியர் இல்லை. கை கால் அளவு உதைக்கிறது; உடம்பு உடைக்குள் இருப்பது மாதிரி இல்லை, உடையை உடம்பு மேல் ஒட்டினது மாதிரி இருக்கிறது. கிழவி முகத்தில் மட்டும் அவருக்கு என்னமோ கூடி வந்திருக்கிறது. அக்காவின் தீர்ப்பு இன்னும் சுருக்கம்: "இவன் போஸ் குடுக்கறான். அவ வேலைய விட்டுட்டு வந்து நின்னா."

சரியாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. மெய்ட்லண்ட், முங்கோ, ஜேம்சன் எல்லோரும் தங்களைக் காட்டக் காசு கொடுத்தவர்கள். கிழவி கொடுக்கவில்லை. அவளை வரையச் சொன்னது வேறு ஆள். சீக்கிரம் முடித்தால் அடை வைத்த கோழியைப் பார்க்கப் போகலாம் என்று நிற்கிறாள்.

வெளியே வந்தால் சாரல். மிச்சமிருந்த ஒரு குடைக்குள் இரண்டு பேர். மழை பக்கவாட்டில் வரும் ஊரில் குடை ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

சாயந்திரம் ஹாலோவீன். விடுதி வாசலில் பேய், பூனை, எலும்புக்கூடு என்று ஐந்து வாண்டுகள். இங்கே மிட்டாய் சும்மா கிடைக்காதாம். பாட்டோ ஜோக்கோ சொல்லிச் சம்பாதிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முன்னால் வந்து கைகட்டி நின்று ஜோக் சொன்னது. எங்களுக்கு ஒன்றுகூடப் புரியவில்லை. பூனை வேஷம் போட்ட பெண் தன் ஜோக்குக்குத் தானே சிரித்து முடிவைச் சொல்ல மறந்துவிட்டாள். வீட்டுக்கார அம்மா வைத்திருந்த சாக்லேட் தீர்ந்துபோக, அக்கா மாடிக்குப் போய் தீபாவளி முறுக்கு டப்பாவை எடுத்து வந்தாள். எலும்புக்கூடு ஒன்றைக் கடித்து, சத்தம் கேட்டுத் தானே பயந்தது. பிறகு இன்னொன்று கேட்டது.

நவம்பர் 1, புதன்

திரும்பும் ரயில். பெர்விக் வரை கடல் இடது பக்கம். வரும்போது தவறான பக்கம் உட்கார்ந்து கோட்டை விட்டதை இப்போது சரிக்கட்டியாயிற்று. அக்கா அத்தானுக்கு போன் போட்டு ஐந்து நாளையும் பத்து நிமிஷத்தில் ஒப்பித்தாள். கோழிக்காரி, புளியோதரைப் பையன், மிளகு போட்ட ஹாகிஸ், தோசைக்கல் லைசன்ஸ். ராணி மேரி வரவேயில்லை. அத்தான் கேட்டிருக்க வேண்டும்: "ஆமாங்க, ஒரு மந்திரி இருந்தான். அவன விடுங்க."

பெர்விக் தாண்டியதும் தூங்கிவிட்டாள். காப்பி குடிக்கலாம் என்று பையைத் துழாவினேன். ஃபிளாஸ்க் இல்லை. விடுதி ஜன்னலோரம், கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருக்கும். எழுப்பிச் சொல்லலாமா வேண்டாமா என்று நியூகாசில் வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.